கோயில் நிதி 14,000 வெள்ளி: மரக்கன்று நடுவதா, வேறு ஏதாவது செய்வதா? (பாகான் செராய், மலேசியா)

லயத்துப்பிள்ளை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். பாகான் செராயில் இருப்பவர்கள், ஊரை விட்டு வெளியே போனவர்கள், எல்லாருமே படித்துவிட்டுக் கருத்துச் சொல்லுங்கள். கொஞ்சம் நீளமாக இருக்கும்.

எங்கள் தோட்டத்துக் கோயிலில் திருவிழாச் செலவு போக 14,000 வெள்ளி (ரிங்கிட்) மீதம் இருக்கிறது. வெயிலாலும் வெள்ளத்தாலும் பிழைப்புக் கெட்டவர்களுக்கு அதைச் செலவிடலாம் என்று கூட்டத்தில் முடிவானது. நல்ல முடிவு. ஆனால் என்ன செய்வது என்பதில்தான் பேச்சு நின்றுவிட்டது. ஐந்நூறு மரக்கன்று வாங்கி நடலாம் என்கிறார்கள் இளைஞர் பிரிவினர். நான் ஒத்துக்கொள்ளவில்லை. காரணம் என் அப்பா.

அப்பாவுக்கு 57 வயது. செம்பனைத் (எண்ணெய்ப் பனை) தோட்டத்தில் பழக்குலை வெட்டுகிறார். சென்ற மார்ச் மாதம் ஒரு நாள் காலை பதினொரு மணிக்கு, வெட்டிக்கொண்டிருந்த இடத்திலேயே விழுந்துவிட்டார். வியர்வை நின்று, பேச்சுக் குழறி, என் பெயரே அவருக்கு நினைவுக்கு வரவில்லையாம். கூட வேலை செய்த வங்காளதேசத் தம்பி தன்னிடம் இருந்த குடிதண்ணீர் முழுவதையும் அப்பா தலையில் ஊற்றி, டிராக்டரில் ஏற்றிக்கொண்டு வந்தான். அப்பா பிழைத்தார். ஒன்பது நாள் வேலைக்குப் போகவில்லை. குத்தகைக்காரரிடம் வெட்டும் டன்னுக்கு இவ்வளவு கூலி என்று வேலை, அதனால் ஒன்பது நாளுக்கு ஒரு காசும் இல்லை.

அந்த மாதத்திலேயே நெல் போட்டவர்களுக்கு உதவிக்கான விண்ணப்பப் பாரம் வந்தது. மீனவர்களுக்கும் வந்தது. அவர்களுக்குக் கட்டாயம் வரவேண்டும், அவர்களும் நொந்துதான் போயிருக்கிறார்கள். அப்பாவும் போய் ஒரு பாரம் கேட்டார். நிலத்துக் கிராண்ட் (பத்திரம்) இருக்கிறதா, மீனவர் அட்டை இருக்கிறதா என்று கேட்டார்கள். இரண்டும் இல்லை. திரும்பி வந்து வாசலில் உட்கார்ந்துகொண்டார். அன்று இரவு சாப்பிடவில்லை.

நம் ஊரைச் சுற்றி வயல் இருக்கிறது, கடல் இருக்கிறது, மேலே காடு இருக்கிறது, நடுவில் தோட்டம். இந்தப் பணத்தை எங்கே, எப்படிப் போட்டால் அது உண்மையில் உதவும்?

பெரட்டுக்கொட்டகை எழுதியது:

அம்மா, முதலில் அப்பாவைக் கவனித்துக்கொள்ளுங்கள். ஒருமுறை வெயில் அடித்து விழுந்த உடம்பு அடுத்த முறை சீக்கிரமே விழும். மத்தியான நேரத்தில் வெட்டப் போகவிடாதீர்கள்.

நான் நம் கிரியான் வட்டாரத் தோட்டங்களில் 31 வருடம் கிராணியாக (கணக்கராக) இருந்து செக்ரோல், அதாவது ஆள்வரவு, கூலிப் பதிவேடு, எழுதியவன். இளையவர்களுக்கு ஒன்று தெரியவேண்டும். 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தில் 16ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. தோட்டத்தில் நாள் கணக்கில் சம்பளம் வாங்குகிறவருக்கு மாதம் 24 நாளாவது வேலை கொடுக்கவேண்டும்; அவர் வேலைக்குத் தயாராக இருந்தும் கொடுக்க முடியாவிட்டால், அந்த நாளுக்கும் சம்பளம் கொடுக்கவேண்டும். ரப்பர் காலத்தில் விடியற்காலை மழை பிடித்தால் மரத்தில் பால் வெட்ட முடியாது. பட்டை நனைந்தால் பால் கோட்டில் இறங்காமல் மரமெல்லாம் வழியும். பெரட்டில் (காலை ஆள் கணக்கெடுப்பில்) நிற்பவர்களுக்குக் கான் (வடிகால்) வெட்டு, புல் வெட்டு என்று ஏதாவது வேலை போடுவோம். அந்த 24 நாளுக்குத் துரையே கணக்குப் பார்ப்பார்.

சட்டம் இன்றைக்கும் இருக்கிறது. ஆனால் 'நாள் கணக்கில்' என்ற சொல் அதிலேயே இருக்கிறது. டன் கணக்கில் வெட்டுகிற உங்கள் அப்பா போன்றவர்கள் அந்தச் சொல்லுக்கு வெளியே நிற்கிறார்கள். அந்தக் காலத்தில் மழைக்காக எழுதப்பட்ட பாதுகாப்பு, வெயில் வந்த காலத்தில் ஆளுக்கு எட்டாமல் போய்விட்டது.

இன்னொன்று. வெயில் அன்றைக்கு மட்டும் அடித்துவிட்டுப் போவதில்லை. செம்பனையில் பூங்கொத்து ஆணா பெண்ணா என்பது, குலை பழுப்பதற்கு ஏறத்தாழ இரண்டு வருடம் முன்பே மரத்துக்குள் முடிவாகிவிடும். தண்ணீர் பற்றாத காலத்தில் ஆண் பூ கூடும், பெண் பூவில் சில கருகும். அதனால்தான் மழை திரும்ப வந்து மரம் பச்சையாகத் தெரிந்த பிறகும் குலை இருக்காது. 2015இல் எல் நினோ, அதாவது நம் பக்கம் மழையைக் குறைக்கும் கடல் வெப்பம், வந்தது. அந்த வருடம் 19.96 மில்லியன் டன்னாக இருந்த நாட்டின் பாமாயில் உற்பத்தி, 2016இல் 17.32 மில்லியன் டன்னுக்கு இறங்கியது. கம்பெனிகள் அதைத் தங்கள் கணக்கில் நட்டம் என்று எழுதின. டன்னுக்குக் கூலி வாங்கியவர் வீட்டிலும் நட்டம்தான். அதை எழுதி வைக்க ஓர் ஏடுகூட இருக்கவில்லை.

செம்பருத்தி எழுதியது:

என் தம்பியும் வெட்டுகிறவன்தான். ஒருவர் அப்படி விழுந்துவிட்டால் முதலில் என்ன செய்யவேண்டும்? தண்ணீர் குடிக்கக் கொடுக்கலாமா?

தைப்பிங்_தாதி எழுதியது:

தெளிவாகப் பேசினால் கொடுக்கலாம், கொஞ்சம் கொஞ்சமாக. பேச்சுக் குழறினால், ஆள் யார் என்று தெரியாமல் உளறினால், வாயில் எதுவும் ஊற்றவேண்டாம், புரையேறிவிடும். நிழலுக்குத் தூக்கிப்போய்ச் சட்டையைக் கழற்றி, உடம்பு முழுவதும் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். ஐஸ் கிடைத்தால் கழுத்து, அக்குள், தொடை இடுக்கு. 999 கூப்பிடுங்கள். வண்டி வரும்வரை தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தாதீர்கள். அந்த வங்காளதேசத் தம்பி செய்தது முழுக்கச் சரி. அப்பா உயிரோடு இருப்பதற்கு அவர்தான் காரணம்.

வானிலைத் துறை மூன்று நிலையாக அறிவிக்கிறது. மூன்று நாள் தொடர்ந்து 35 முதல் 37 டிகிரி வரை போனால் முதல் நிலை, 37 முதல் 40 வரை இரண்டாம் நிலை, 40க்கு மேல் மூன்றாவது. முதல் நிலைதானே என்று அலட்சியமாக இருக்காதீர்கள். அந்த அளவு நிழலில் எடுப்பது. நீளக் கம்பில் அரிவாளைக் கட்டிக்கொண்டு அண்ணாந்து குலை வெட்டுகிறவருக்கு அது போதும், விழுவதற்கு.

மீன்லாரி எழுதியது:

கோலகுராவ், தஞ்சோங் பியாண்டாங் கடற்கரையில் மீன் ஏற்றி ஈப்போ வரைக்கும் ஓட்டுகிறேன், 18 வருடமாக. நான் கடலில் இறங்குகிறவன் இல்லை, ஆனால் கடல் என்ன கொடுக்கிறது என்பது என் லாரியில் தெரியும். முன்பெல்லாம் நிரம்பி வழியும் பெட்டி. இப்போது இரண்டு படகுத்துறையில் நின்று பொறுக்கினால்தான் ஒரு நடை தேறும். காற்று மாதக் கணக்குப்படி வருவதில்லை, எந்த மாதம் போகலாம் எந்த மாதம் கூடாது என்று அப்பா சொல்லிக்கொடுத்தது உதவுவதில்லை என்று படகுக்காரர்கள் சொல்கிறார்கள். சேற்றில் கெராங் என்னும் மட்டி போட்டவர்களுக்கு வேறு பயம். மேலே கனமழை கொட்டி ஆற்றுத் தண்ணீர் ஒரேயடியாக இறங்கினால் உப்புக் குறைந்து அப்படியே வாய் பிளந்துவிடும்.

லயத்துப்பிள்ளை சொன்ன 'அட்டை' விஷயம் கடற்கரையிலும் அதேதான். பதிவு செய்த மீனவருக்கு மாதம் 300 வெள்ளி வாழ்க்கைச் செலவு உதவி இருக்கிறது. அட்டை இல்லாமல் வலை இழுக்கிறவருக்கு இல்லை. இறால் உரிக்கும் அக்காக்களுக்கு இல்லை. அவர்களில் சிலர் நம் தோட்டத்திலிருந்து போனவர்கள்தான். படகு போகாத நாளில் உரிக்க இறால் இல்லை, கிலோ இல்லை, கூலி இல்லை. அவர்களை மீனவர் என்றும் யாரும் சொல்வதில்லை, தோட்டக்காரர் என்றும் சொல்வதில்லை.

சிலம்பம்91 எழுதியது:

மரக்கன்று யோசனை சொன்ன இளைஞர் பிரிவில் நானும் ஒருவன். ஏதோ படம் எடுப்பதற்காகச் சொன்னோம் என்று நினைத்துவிடாதீர்கள். என் வீடு இருக்கும் தாமானில் (குடியிருப்பில்) நிழலுக்கு ஒரு மரம் கிடையாது. பிள்ளைகள் பள்ளி விட்டு வெயிலில் நடந்து வருவதைப் பார்த்துத்தான் சொன்னோம். சரி, ஊருக்குள் வேண்டாம் என்றால் கடலோரத்தில் பாக்காவ் (சதுப்புநில மரம்) நடலாமே? அலையைத் தடுக்கும், மீனும் வளரும், மீன்லாரி அண்ணன் சொல்வதற்கும் அதுதானே மருந்து?

மீன்லாரி எழுதியது:

தம்பி, நீங்கள் நல்ல மனதோடுதான் சொல்கிறீர்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பாக்காவ் நடுவதும் நல்ல காரியம். ஆனால் நட்டுவிட்டு வந்தால் போதாது.

நிபோங் திபால் பக்கத்தில் சுங்கை செனாம் என்று ஓர் இடம், நம் ஊரிலிருந்து தூரமில்லை. பினாங்கு கரையோர மீனவர் நலச் சங்கம் 1997இலிருந்து பாக்காவ் நடுகிறது. இறால் பண்ணைக்கும் மற்றதற்கும் காடு அழிந்து மீன் குறைந்ததைப் பார்த்து மீனவர்களே தொடங்கியது. 2004 சுனாமிக்குப் பிறகுதான் வெளியில் இருப்பவர்கள் அதன் அருமையைப் பேச ஆரம்பித்தார்கள். அங்கே ஒரு பெரியவர் எனக்குச் சொன்னது: அலை நேராக அடிக்கும் சேற்றில் பாக்காவ் குத்தினால் நிற்காது. அங்கே முதலில் பிடிப்பது அப்பி-அப்பி என்ற இன்னொரு சதுப்பு மரம். அது தானாக வந்து சேற்றைக் கட்டிய பிறகுதான் பின்னால் பாக்காவ் நிற்கும். தண்ணீர் வந்து போகும் வழி அடைபட்டிருந்தால் எதை நட்டாலும் அழுகும். வழியைத் திறந்துவிட்டால் பல இடங்களில் நடவே வேண்டாம், விதை மிதந்து வந்து தானே முளைக்கும். நட்ட கன்றில் சிப்பி ஒட்டிக்கொண்டு சாய்க்கும், அதைப் போய்ச் சுரண்டிவிட ஆள் வேண்டும். ஒரு நாளில் முடிகிற வேலை இல்லை.

வயதான காடு இருக்கும் இடத்தில் அது வெட்டுப்படாமல் பார்த்துக்கொள்வது இன்னும் பெரிய உதவி. பக்கத்தில் மாத்தாங்கைப் பாருங்கள். ஏறத்தாழ 40,000 ஹெக்டர் பாக்காவ் காடு, நூறு வருடத்துக்கு மேலாக 30 வருடச் சுற்றில் வெட்டி, கரி எரித்து, திரும்ப வளரவிட்டு வருகிறார்கள். காடும் இருக்கிறது, பிழைப்பும் நடக்கிறது.

வாய்க்கால்மேடு எழுதியது:

நான் ஓய்வு பெற்றவன். மதகு திறந்து மூடுவது என் வேலையாக இருந்தது. எல்லாரும் தனித்தனியாகப் பேசுகிறீர்கள், வயல் வேறு, கடல் வேறு, தோட்டம் வேறு என்று. மதகில் நின்று பார்த்தவனுக்கு எல்லாம் ஒரே தண்ணீர்.

மேலே புக்கிட் மேரா ஏரி. 1906இல் முடிந்த அணை, கிரியான் நெல்லுக்காகக் கட்டியது. இந்தப் பக்கம் முதலில் கரும்புத் தோட்டம், அப்புறம் ரப்பர், அப்புறம் செம்பனை. தோட்டத்துப் பயிர் மூன்று மாறியும் நெல்லுக்குத் தண்ணீர் அந்த ஏரித் தண்ணீர்தான். அதே தண்ணீர் வீட்டுக் குழாய்க்கும் வேண்டும். 2016இல் ஏரி இறங்கி நடவு தள்ளிப்போனது. 2023இலும் வயலுக்குத் தண்ணீர் தட்டியது. இரண்டு முறையும் கரையில் நின்று வெடித்த சேற்றைப் பார்த்துக் கண் கலங்கியவன் நான்.

கீழே கடல். நம் நிலம் தட்டை. மழைத் தண்ணீர் கான் வழியாக ஓடி, கடலோர மதகு வழியாகத்தான் வெளியே போகவேண்டும். கடல் வற்றத்தில் இருக்கும்போது மட்டுமே மதகைத் திறக்கலாம். ஏற்றத்தில் திறந்தால் உப்பு உள்ளே வந்து நெல்லையும் செம்பனையையும் கெடுத்துவிடும். உலகத்தில் கடல் மட்டம் 1901க்கும் 2018க்கும் இடையில் சராசரியாக 20 செண்டிமீட்டர் ஏறியிருக்கிறது என்று விஞ்ஞானிகள் சொல்கிறார்கள். ஒரு சாண். ஒரு சாண் என்ன பெரிதா என்று கேட்பார்கள். வெளியே தண்ணீர் ஒரு சாண் உயர்ந்தால், உள்ளே இருப்பது இறங்கக் கிடைக்கும் நேரம் குறையும். அந்தக் குறைந்த நேரத்துக்குள் முன்பைவிட அதிகத் தண்ணீரை இறக்கவேண்டும், ஏனென்றால் காற்று ஒரு டிகிரி சூடானால் ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுதல் ஈரம் பிடிக்கிறது, மழையும் ஒரே மூச்சில் கொட்டுகிறது. தாழ்ந்த லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) முழங்கால் தண்ணீர் ஏன் இரண்டு நாள் நிற்கிறது என்று கேட்கிறவர்களுக்கு இதுதான் பதில். யாரோ மதகை மூடிவிட்டார்கள் என்று சண்டைக்கு வருவார்கள். கடல் மூடி வைத்திருக்கிறது.

சரி, நான் சொல்ல வந்தது வேறு. என் வேலைக்காலம் முழுவதும் மதகு எப்போது திறக்கும் என்பது எனக்குத் தெரியும், எனக்கு மேலே இருந்தவருக்குத் தெரியும். லயத்தில் இருப்பவருக்குத் தெரியாது. கெராங் போட்டவருக்குத் தெரியாது. முதல் நாள் சாயங்காலம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சாமான்களை மேலே தூக்கி வைத்திருப்பார்கள், எடுக்கிற அளவு கெராங்கை எடுத்திருப்பார்கள். சொல்லவேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை, நானாகவும் சொல்லவில்லை. அது இன்றைக்கும் மனதை உறுத்துகிறது.

நாகை_மருமகள் எழுதியது:

ஐயா எழுதியதைப் படித்ததும் எழுதவேண்டும் என்று தோன்றியது. நான் நாகப்பட்டினத்துப் பெண், கல்யாணமாகி இங்கே வந்து 12 வருடம். 2004 சுனாமியில் எங்கள் பக்கம் வயலெல்லாம் உப்பேறிவிட்டது. இனி பல வருடத்துக்கு ஒன்றும் விளையாது என்றார்கள். இயற்கை வேளாண்மை சொல்லிக்கொடுத்த நம்மாழ்வார் ஐயா ஊர் ஊராக வந்து, சேற்றை அகற்றச் சொல்லி, தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழச் சொல்லி, உப்பைத் தாங்கும் குழியடிச்சான் போன்ற நாட்டு நெல்லை எல்லாம் போடச் சொன்னார். நிலம் எதிர்பார்த்ததைவிட வெகு சீக்கிரம் திரும்பியது. அந்த விதை இங்கேயும் உதவாதா?

இன்னொரு விஷயம். புதுச்சேரிக்குப் பக்கத்தில் நல்லவாடு என்று ஒரு மீனவ ஊர். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே ஒரு தகவல் மையம் வைத்து, கடல் நிலவரத்தை ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டிருந்தது. சுனாமி அன்று, சிங்கப்பூரில் இருந்த அந்த ஊர்க்காரர் ஒருவர் டிவியில் செய்தியைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போன் அடித்தார். உடனே மையத்து ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். ஊரே எழுந்து ஓடித் தப்பியது. ஆயிரக்கணக்கான உயிர். ஒரு போனும் ஓர் ஒலிபெருக்கியும்.

நம் கோயிலில் ஒலிபெருக்கி இருக்கிறதே.

வாய்க்கால்மேடு எழுதியது:

விதையை அப்படியே கொண்டுவரமுடியாது அம்மா, தாவர நோய்த் தடுப்புச் சட்டம் இருக்கிறது, நம் ஊர் மண்ணும் பருவமும் வேறு. ஆனால் ஒலிபெருக்கி! இத்தனை வருடம் மதகுக்குப் பக்கத்தில் இருந்தும் எனக்குத் தோன்றவில்லையே.

காட்டோரப்பள்ளி எழுதியது:

நான் பிறந்து வளர்ந்தது பாகான் செராய், இப்போது மேலே காட்டோரம் கிரிக் பக்கம், தெமியார் என்ற பூர்வக்குடிப் பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் ஆசிரியை. காட்டையும் சேர்த்துக் கேட்டதற்கு நன்றி. பொதுவாக யாரும் கேட்பதில்லை.

இங்கே பெற்றோர்கள் சொல்வதைச் சொல்கிறேன். காட்டுப் பழம் எந்த மாதத்தில் என்று உறுதியாகச் சொல்லமுடியவில்லை. பெத்தாய் என்ற காட்டு மரம் சில வருடம் நிறையக் காய்க்கிறது, சில வருடம் ஏறிப் பறிக்க ஒன்றுமில்லை. பூ தள்ளிப்போனால் தேனும் தள்ளிப்போகிறது. மலையில் மரம் வெட்டிய பக்கம் ஒரு பெரிய மழைக்கே ஆறு சிவந்துவிடுகிறது, மீன் பிடிக்கவும் முடியவில்லை, குடிக்கவும் முடியவில்லை. பாதை சரிந்தால் பிள்ளைகள் வாரக்கணக்கில் பள்ளிக்கு வருவதில்லை. பருவநிலை மாறியது ஒரு பங்கு, மேலே காடு போனது இன்னொரு பங்கு. இவர்களுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் வந்து விழுகிறது. 2019இல் இங்கே தெமியார் மக்கள் மரம் ஏற்றும் லாரிகளை மறித்துத் தடுப்புப் போட்டது செய்தியில் வந்ததே, அது வீம்புக்காக இல்லை, குடிக்கும் தண்ணீருக்காக.

இங்கேயும் கடைசியில் காகிதம்தான் விஷயம். சகோங் தாசி வழக்கில் 2002இல் உயர் நீதிமன்றமும் 2005இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும், பூர்வக்குடியினருக்குத் தங்கள் வழக்கப்படியான நிலத்தில் உரிமை உண்டு என்று தீர்ப்புச் சொல்லிவிட்டன. ஆனாலும் ஒவ்வொரு கம்பத்தாரும் (கிராமத்தாரும்) திரும்பத் திரும்ப நிரூபிக்கவேண்டியிருக்கிறது. இது யார் பாட்டன் நட்ட டுரியான், இது யார் புதைந்த இடம் என்று எழுதி வரைந்து வைத்திருக்கும் கம்பம், நீதிமன்றத்தில் எதையாவது காட்டமுடியும். எழுதாதவர்களிடம் காட்ட ஒன்றுமில்லை.

பணத்தை இங்கே அனுப்பவேண்டாம். அந்தத் தொகைக்கு இங்கே பெரிதாக ஒன்றும் செய்யமுடியாது, பழைய துணியும் அரிசியும் ஏற்கனவே வந்து குவிகிறது. பெத்தாய்க் காலத்தில் இடைத்தரகர் இல்லாமல் நேராக வாங்கிக்கொள்ள நம் ஊர்க் கடைக்காரர்கள் சிலர் முன்வந்தால் அதுவே பெரிய உதவி. லாரி அண்ணனிடம் தனியாகப் பேசுகிறேன்.

லயத்துப்பிள்ளை எழுதியது:

இரண்டு நாளாகத் திரும்பத் திரும்பப் படித்தேன். அப்பாவுக்கும் படித்துக் காட்டினேன்.

எனக்குப் புரிந்தது இதுதான். உதவி இல்லாமல் இல்லை. நெல்லுக்குக் காப்பீடு இருக்கிறது, மீனவருக்கு மாதப் பணம் இருக்கிறது, ரப்பர் சிறுதோட்டக்காரருக்கு மழைக்கால உதவி இருக்கிறது. எல்லாம் கையில் காகிதம் இருப்பவரைத் தேடித்தான் வருகிறது. வேலை நாள் ஒன்றை இழந்தவரிடம், இழந்தேன் என்று காட்ட ஒரு காகிதமும் இல்லை. கிராணி ஐயா சொன்ன ஏடு, டீச்சர் சொன்ன வரைபடம், இரண்டும் ஒன்றுதான். மரக்கன்று வேண்டாம் என்று நான் சொன்னது அவசரம். ஆனால் முதலில் ஏடு வேண்டும்.

கோயிலில் ஒரு ஏடு வைப்போம். வெயிலால், மழையால், வெள்ளத்தால், அலையால் ஒருவர் இழந்த ஒவ்வொரு நாளும் அதில் ஏறவேண்டும். தேதி, என்ன வேலை, ஏன் போகவில்லை, எவ்வளவு கூலி போனது. கூடவே ஒலிபெருக்கி. வெயில் நிலை, மழை எச்சரிக்கை, மதகு நேரம், கடலேற்றம்.

பெரட்டுக்கொட்டகை எழுதியது:

ஏட்டை நான் எழுதித் தருகிறேன். கண் இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது.

இரண்டு எச்சரிக்கை. முதலாவது, பெயரைப் பார்த்துக் குத்தகைக்காரர் நாளைக்கு வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிடக்கூடும். அதனால் வெளியே காட்டும் ஏட்டில் பெயர் வேண்டாம், எண் போதும். பெயர்ப் பட்டியல் தனியாகப் பூட்டி இருக்கட்டும்.

இரண்டாவது, பெர்கேசோ, அதாவது அரசாங்கச் சமூகப் பாதுகாப்பு நிறுவனம். சொந்தமாகப் பிழைக்கிறவர்களுக்கென்று தனித் திட்டம் இருக்கிறது. காய்கறி போடுகிறவர், புல் வெட்டுகிறவர், சிறு படகுக்காரர் எல்லாரும் சேரலாம். வேலையில் அடிபட்டால் கை கொடுக்கும். என் மருமகனுக்கு நான் கட்டியபோது மிகக் குறைந்த சந்தா வருடத்துக்கு 157 வெள்ளி 20 காசு. அந்தக் கணக்கில் 30 பேருக்கு 4,716 வெள்ளி. அதற்குக் கோயில் பணம் போகலாம். ஆனால் குத்தகைக்காரரிடம் வேலை செய்பவருக்குக் கோயில் கட்டக்கூடாது. அது முதலாளி கட்டவேண்டியது. கட்டுகிறாரா என்று கேட்பதுதான் நம் வேலை.

பாரிட்_புந்தார்க்காரன் எழுதியது:

நல்ல யோசனை. ஒன்று மட்டும் கேட்கிறேன், தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இப்போது தோட்டத்தில் வெட்டுகிறவர்களில் நிறையப் பேர் அயல்நாட்டுக்காரர்கள். கோயில் பணம் நம் மக்கள் கொடுத்தது. ஏட்டில் அவர்களையும் எழுதப்போகிறீர்களா?

லயத்துப்பிள்ளை எழுதியது:

அண்ணா, அன்றைக்கு அந்தத் தம்பி தன் தண்ணீரை எல்லாம் என் அப்பா தலையில் ஊற்றிவிட்டு, மத்தியானம் வரை குடிக்க ஒன்றும் இல்லாமல் வேலை செய்திருக்கிறான். அப்பாவை இறக்கிவிட்டுத் திரும்பிப் போய் மீதி வரிசையை வெட்டியிருக்கிறான், இல்லாவிட்டால் அவனுக்கும் கூலி போயிருக்கும். அவன் பெயரை எழுதாத ஏட்டில் என் அப்பா பெயரும் வேண்டாம். இதை அப்பாவே சொல்லச் சொன்னார்.

பெரட்டுக்கொட்டகை எழுதியது:

2019 ஜனவரியிலிருந்து அயல்நாட்டுத் தொழிலாளியையும் பெர்கேசோ வேலைவிபத்துத் திட்டத்தில் சேர்த்தாகவேண்டும் என்று ஆக்கிவிட்டார்கள். அரசாங்க ஏட்டிலேயே அவர்களுக்கு இடம் உண்டு தம்பி. நம் தாத்தாமார் கப்பலில் வந்து இறங்கியபோது அவர்கள் பெயரைச் செக்ரோலில் எழுதியதும் யாரோ ஒருவர்தான்.

பாரிட்_புந்தார்க்காரன் எழுதியது:

சரி ஐயா. எழுதுங்கள். ஏட்டுக்கும் பேனாவுக்கும் ஆகும் செலவு என்னுடையது.

சிலம்பம்91 எழுதியது:

இளைஞர் பிரிவில் பேசிவிட்டேன். ஐந்நூறு கன்று இல்லை, முப்பது. பள்ளியிலிருந்து தாமான் வரை நிழல் இல்லாத அந்தப் பாதையில் மட்டும். ஒவ்வொரு கன்றுக்கும் ஒருவர் இரண்டு வருடம் தண்ணீர் ஊற்றுவதாக எழுதிக் கொடுக்கிறார். கூடவே, பழம் ஏற்றும் இடத்தில் நிழல் கொட்டகையும் தண்ணீர்த் தொட்டியும் வைக்கத் தோட்ட நிர்வாகத்திடம் அனுமதி கேட்டுக் கடிதம் எழுதியிருக்கிறோம். மீன்லாரி அண்ணே, சுங்கை செனாமுக்கு எங்களை ஒரு நாள் கூட்டிப் போவீர்களா? நடுவதற்கு இல்லை, முதலில் கற்றுக்கொள்வதற்கு.

மீன்லாரி எழுதியது:

ஞாயிறு காலை. பசியாறிவிட்டு வாருங்கள், லாரியில் ஆறு பேர் உட்காரலாம்.

லயத்துப்பிள்ளை எழுதியது (மூன்று வாரம் கழித்து):

கேட்டவர்களுக்காக நிலவரம் சொல்கிறேன். ஏடு தொடங்கிவிட்டது. முதல் வாரம் யாரும் வரவில்லை. கிராணி ஐயா தினமும் சாயங்காலம் ஆறு மணிக்குக் கோயில் திண்ணையில் ஏட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இரண்டாவது வாரம் கோலகுராவிலிருந்து இறால் உரிக்கும் அக்கா ஒருவர் பஸ்ஸில் வந்தார். அலை பெரிதாக இருந்ததால் ஐந்து நாள் படகு போகவில்லை என்று சொன்னார். ஐயா ஐந்து வரியாக எழுதினார், ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வரி. அக்கா அதைப் பார்த்துக்கொண்டே நின்றார், அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டார். மறுநாள் அப்பா போய்த் தன் ஒன்பது நாளை எழுதினார். இப்போது நான்காவது பக்கம் நடக்கிறது.

தோட்ட நிர்வாகத்திடமிருந்து இன்னும் பதில் இல்லை. இரண்டாவது கடிதத்தோடு ஏட்டின் நகலையும் வைக்கப்போகிறோம், எண் மட்டும், பெயர் இல்லாமல்.

ஒலிபெருக்கியில் ஒன்று பழுது, அதைச் சரிசெய்ய 380 வெள்ளி ஆனது. காலை ஐந்தே முக்காலுக்கு, ஆட்கள் வேலைக்குக் கிளம்பும் முன், அன்றைய வெயில் நிலையைச் சொல்கிறோம். தமிழில் ஒருமுறை, மலாயில் ஒருமுறை. அந்தத் தம்பி வங்காளத்தில் சொல்ல ஒத்துக்கொண்டிருக்கிறான், கொஞ்சம் வெட்கப்படுகிறான்.

வாய்க்கால்மேடு எழுதியது:

என் பழைய இடத்தில் இப்போது இருக்கும் தம்பியிடம் பேசினேன். மதகு திறக்கும் நேரத்தை முதல் நாளே எனக்குப் போனில் சொல்ல ஒத்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை பெரிய ஏற்றம், கூடவே மழையும் இருக்கும் என்கிறார்கள். ஏற்றம் நிற்கும்வரை மதகைத் திறக்கமுடியாது. தாழ்ந்த லயத்தில் இருப்பவர்கள் வியாழக்கிழமை சாயங்காலமே அரிசி, பாய், பிள்ளைகளின் பள்ளிப் புத்தகம் எல்லாவற்றையும் மேலே ஏற்றிவிடவேண்டும். வியாழன் ஆறு மணிக்கு அறிவிக்கவேண்டும். பூசாரி ஊரில் இல்லை, ஒலிபெருக்கி அறைச் சாவி யாரிடம் இருக்கிறது?

செம்பருத்தி எழுதியது:

என்னிடம் இருக்கிறது ஐயா. ஐந்தரைக்கே வந்து திறந்து வைக்கிறேன்.